ரயிலடிக்குப் புதியவரா? கிராமத்து ரயில் நிலையத்தை அறிந்து பயன்படுத்த ஒரு வழிகாட்டி

வேலை மாற்றலாகி, அல்லது கல்யாணமாகி, ஒரு சிறிய ஊருக்குக் குடிவந்திருக்கிறீர்கள். ஊரின் ஓரத்தில், வயலைத் தாண்டி, மஞ்சள் பலகையோடு ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. நாளைக்கு நாலைந்து வண்டிகள்தான் நிற்கின்றன. மற்ற நேரமெல்லாம் வேப்ப மரத்தடியில் ஆடு படுத்திருக்கிறது. பஸ் நேரத்தை யாரைக் கேட்டாலும் மளமளவென்று சொல்கிறார்கள். ரயிலைக் கேட்டால் மட்டும் "காலையில ஒண்ணு போகும், சாயந்தரம் ஒண்ணு வரும்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

இப்படிப்பட்ட ஒரு நிலையத்திலிருந்து பல வருடம் வேலைக்குப் போய்வந்தவன் நான். அதன் வழக்கங்கள் பிடிபட எனக்கு ஒரு வருடம் ஆனது. உங்களுக்கு ஒரு வாரத்தில் பிடிபட வேண்டும் என்பதற்காக, தமிழ்நாட்டின் சிறு நிலையங்களுக்குப் பொதுவாகப் பொருந்துபவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் பெயர்ப்பலகை

பிளாட்பாரத்தின் இரண்டு கோடியிலும் மஞ்சள் பின்னணியில் கறுப்பு எழுத்தில் ஊர்ப்பெயர் இருக்கும். அதன் அடியில் கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரம் என்று எழுதியிருப்பார்கள். கடலோர டெல்டாவில் அது ஒற்றை இலக்கமாகவும் இருக்கும். மேற்கே போகப் போக நூறுகளில் ஏறும். பாதை எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்பது பாதை போட்ட பொறியாளர்களுக்கு உயிர்நாடி. நமக்கும் ஒரு பயன் உண்டு: அடுத்தடுத்த நிலையங்களின் எண்களைப் பார்த்துக்கொண்டே போனால், நம் ஊர்த் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று புரிந்துவிடும்.

அடுத்து, பலகையில் இருக்கும் பெயரும் ஊர்க்காரர்கள் சொல்லும் பெயரும் ஒன்றுதானா என்று பாருங்கள். பல இடங்களில் இல்லை. கொடைக்கானல் ரோடு நிலையம் இருப்பது அம்மையநாயக்கனூரில். கொடைக்கானல் மலை அங்கிருந்து வெகுதூரம். நிலையப் பெயரின் கடைசியில் 'ரோடு' என்று வந்தால், அந்த ஊருக்குப் போகும் சாலையில் இறங்குகிறீர்கள், ஊரில் இறங்கவில்லை என்று அர்த்தம். வாலாஜா ரோடும் அப்படித்தான். டிக்கெட் எடுக்கும்போதும் செயலியில் தேடும்போதும் ரயில்வே வைத்திருக்கும் பெயர்தான் வேலை செய்யும். அதனால் அந்த எழுத்துக்கூட்டலை ஆங்கிலத்திலும் ஒருமுறை குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

பெயரோடு ஒரு குறியீடும் உண்டு. இரண்டு, மூன்று, நான்கு ஆங்கில எழுத்துகள். இதை மனப்பாடம் செய்துகொண்டால் தேடுவது சுலபம். எனக்கு இந்தக் குறியீடுகள் மேல் தனிப் பிரியம். ஊரின் பெயர் மாறினாலும் குறியீடு பழைய பெயரை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். மயிலாடுதுறையின் குறியீடு இன்றும் எம்.வி.; அது மாயவரம். காஞ்சிபுரத்துக்கு சி.ஜே.; ஆங்கிலேயர் எழுதிய கஞ்ஜீவரத்தின் மிச்சம். பரங்கிப்பேட்டைக்கு பி.ஓ.; போர்ச்சுகீசியர் வைத்த போர்ட்டோ நோவோ அந்த இரண்டு எழுத்தில் இன்னும் இருக்கிறது. உங்கள் ஊர்க் குறியீடு ஊர்ப் பெயரோடு ஒட்டவில்லை என்றால், அங்கே ஒரு பழங்கதை இருக்கிறது என்று விசாரிக்கத் தொடங்குங்கள்.

ஸ்டேஷனா, ஹால்ட்டா?

இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோல இருக்கும். ஆனால் உங்களுக்குக் கிடைக்கும் சேவை இதைப் பொறுத்துத்தான்.

ஸ்டேஷன் மாஸ்டர் இருக்கிறார், சிக்னல் இருக்கிறது, மெயின் லைனோடு ஒரு லூப் லைனும் (வண்டி ஒதுங்கி நிற்கும் பக்கப் பாதை) இருக்கிறது என்றால் அது முழு நிலையம். ஒற்றைப் பாதையில் எதிரெதிரே வரும் வண்டிகள் விலகிச் செல்வது இங்கேதான். இதைத்தான் எல்லோரும் 'கிராசிங்' என்கிறார்கள்.

ஒரே ஒரு தண்டவாளம், ஒரு நிழற்கூரை, சிறிய அறை. ரயில்வே ஊழியர் யாரும் கண்ணில் படவில்லை. அப்படியானால் ஹால்ட். அங்கே டிக்கெட் கொடுப்பவர் பெரும்பாலும் ஒப்பந்தத்தில் இருக்கும் ஏஜென்ட், உள்ளூர்க்காரராக இருப்பார். விற்கும் டிக்கெட்டுக்குக் கமிஷன்தான் அவருக்கு வருமானம். வண்டி வரும் நேரத்தையொட்டித்தான் அறையைத் திறப்பார். அவரோடு பழகிக்கொள்ளுங்கள். எந்த வண்டி இன்று ரத்து, எது தாமதம் என்று அவரைவிடச் சரியாகச் சொல்பவர் ஊரில் இல்லை.

வண்டி நேரம்: அட்டவணையை நம்பலாம், ஆனால் படிக்கத் தெரியவேண்டும்

நிலையச் சுவரில் உள்ள நேரப் பலகையை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு அது பழையதா என்று சரிபாருங்கள். சிறு நிலையங்களில் பலகை மாற்றப்படாமலே இருப்பதும் உண்டு. சரிபார்க்க 139 என்ற எண்ணை அழைக்கலாம், அல்லது ரயில்வேயின் என்.டி.இ.எஸ். தளத்தில் நிலையக் குறியீட்டைப் போட்டுப் பார்க்கலாம்.

வண்டி எண் ஐந்து இலக்கம். முதல் இலக்கம் 5 என்றால் இஞ்சின் இழுக்கும் பாசஞ்சர், 6 என்றால் மெமு, 7 என்றால் டெமு. மெமு மின்சாரத்தில் ஓடுவது, டெமு டீசலில் ஓடுவது. முதல் இலக்கம் 0 என்றால் சிறப்பு வண்டி. எந்தத் தேதிவரை ஓடும் என்று ஒவ்வொரு முறையும் பார்க்கவேண்டும். 2020 மார்ச்சில் பெருந்தொற்றுக்காக நாடு முழுக்கப் பயணிகள் வண்டிகள் நின்றன. அதன் பின் பாசஞ்சர் வண்டிகள் பூஜ்ய எண்ணோடு, எக்ஸ்பிரஸ் கட்டணத்தில்தான் திரும்பி வந்தன. பழைய எண்கள் மீண்டும் கிடைக்க 2025 ஜனவரி ஆனது. அந்த இடைவெளியில் பல சிறு நிலையங்கள் தங்கள் நிறுத்தங்களை இழந்தன. ஊர்ப் பெரியவர் ஒருவர் சொல்லும் வண்டி அட்டவணையில் இல்லை என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

நேரம் 24 மணிக் கணக்கில் இருக்கும். நள்ளிரவைத் தாண்டி வரும் வண்டிக்குத் தேதி மாறிவிடும், 00.20 என்றால் அந்தத் தேதி பிறந்து இருபது நிமிடம் கழித்து. திங்கள் இரவு சாப்பிட்டுவிட்டு நிதானமாகக் கிளம்பிப் போய், அந்த வண்டி ஞாயிறு இரவே போய்விட்டது என்று தெரிந்து திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நிற்கும் நேரம் ஒரு நிமிடம்தான். பத்து நிமிடம் முன்பே போய்விடுங்கள். வண்டி வருவதை அறிய ஊரில் பழைய உபாயம் ஒன்று இருக்கிறது: லெவல் கிராசிங் கேட். கேட்டை மூடினால் வண்டி பக்கத்து நிலையத்தை விட்டுவிட்டது என்று கணக்கு. ஆனால் அது உங்கள் வண்டியா, நிற்காமல் போகும் சரக்கு வண்டியா என்பது கேட்டைப் பார்த்துத் தெரியாது. முன்பு இதற்குக் கைகாட்டி மரம் இருந்தது. அதன் கை சாய்ந்தால் வண்டிக்கு வழி விட்டாயிற்று. இப்போது பச்சை விளக்குதான். ஆனாலும் பெரியவர்கள் வாயில் "கைகாட்டி இறங்கிடுச்சு" என்பது இன்னும் வரும்.

உள்ளூர் வண்டியில் போகும்போது நடுவழியில் ஒரு நிலையத்தில் கால் மணி நேரம் நின்றால் பதற வேண்டாம். எக்ஸ்பிரஸுக்கு வழிவிட்டு லூப்பில் நிற்கிறது. எந்த நிலையத்தில், எந்த வண்டிக்காக நிற்கும் என்பது ஒரு வாரம் போய்வந்தால் உங்களுக்கே அத்துப்படியாகிவிடும்.

டிக்கெட்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள்.

பாசஞ்சர், மெமு, டெமு வண்டிகளுக்குச் சாதாரணக் கட்டணம். குறைந்தபட்சம் 10 ரூபாய். அதே டிக்கெட்டை வைத்துக்கொண்டு எக்ஸ்பிரஸில் ஏறக்கூடாது. எக்ஸ்பிரஸ் டிக்கெட் என்று சொல்லியே கேட்டு வாங்கவேண்டும். சூப்பர்ஃபாஸ்ட் வண்டி என்றால் அதற்குத் தனியாக ஒரு கூடுதல் கட்டணம். கவுண்டரில் ஊர்ப்பெயரை மட்டும் சொல்லாமல், எந்த வண்டியில் போகிறேன் என்பதையும் சேர்த்துச் சொன்னால் இந்தக் குழப்பம் வராது.

199 கிலோமீட்டர் வரையிலான முன்பதிவில்லாத டிக்கெட்டை எடுத்த 3 மணி நேரத்துக்குள், அல்லது அந்த ஊருக்குப் போகும் அடுத்த வண்டி கிளம்பும்வரை, இதில் எது பிந்தியதோ அதற்குள் பயணத்தைத் தொடங்கிவிட வேண்டும். காலையில் எடுத்து மாலையில் போவது பெரும்பாலும் செல்லாது. 200 கிலோமீட்டருக்கு மேல் என்றால் மூன்று நாள் முன்னதாகவே எடுக்கலாம்.

ஜங்ஷனில் இறங்கி வேறு வண்டி மாறப் போகிறீர்கள் என்றால், கடைசியாகப் போய்ச் சேரும் ஊருக்கே ஒரே டிக்கெட்டாகக் கேளுங்கள். தூரம் கூடக் கூடக் கிலோமீட்டருக்கான கட்டணம் குறையும். இரண்டாகப் பிரித்து எடுத்தால் நஷ்டம். ஹால்ட்டில் இருக்கும் ஏஜென்டிடம் சில ஊர்களுக்கான டிக்கெட்டுகள் மட்டுமே இருக்கலாம். அப்போது வேறு வழியில்லை, ஜங்ஷன் வரை எடுத்துக்கொண்டு அங்கே மறுபடி எடுங்கள். அதற்குப் போதிய இடைவெளி இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.

போனில் எடுப்பதென்றால், 2025 ஜூலையில் வந்த ரயில்ஒன் செயலி போதும். வீட்டிலேயே எடுத்துவிடுங்கள். வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு எடுக்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். வண்டிக்குள்ளிருந்தும் தண்டவாளத்துக்குப் பக்கத்திலிருந்தும் எடுக்க முடியாதபடிதான் அதை அமைத்திருக்கிறார்கள். சிறு நிலையங்களில் நெட்வொர்க்கும் காலை வாரிவிடும்.

தினமும் போகிறவரா? 150 கிலோமீட்டர் வரை சீசன் டிக்கெட் கிடைக்கும். மாதம், மூன்று மாதம் என்று எடுக்கலாம். பஸ் செலவோடு ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். அப்புறம் பஸ் பக்கம் போக மனசு வராது.

கவுண்டர் மூடியிருக்கிறது, போனும் வேலை செய்யவில்லை, வண்டி வந்துவிட்டது. என்ன செய்வது? பேசாமல் ஏறிவிடாதீர்கள். கடைசிப் பெட்டியில் இருக்கும் கார்டிடம் போய்ச் சொல்லுங்கள் (2022 முதல் அவருடைய பதவிப் பெயர் டிரெயின் மேனேஜர், ஊரில் இன்னும் கார்டுதான்). பிறகு கட்டணம் செலுத்துகிறேன் என்ற நிபந்தனையில் பயணம் செய்ய அனுமதித்து ரயில்வே ஊழியர் ஒரு சான்று தருவதற்கு 1989-ஆம் வருட ரயில்வே சட்டத்தில் இடமிருக்கிறது. சொல்லாமல் ஏறி மாட்டிக்கொண்டால் கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் அதிகம் கட்டவேண்டும்.

இப்போது நான் மிகவும் வலியுறுத்த நினைக்கும் விஷயத்துக்கு வருகிறேன். டிக்கெட்டில் 'புறப்படும் இடம்' என்று உங்கள் ஊர்ப் பெயர் இருக்கட்டும். பரிசோதகர் வரமாட்டார் என்று டிக்கெட் எடுக்காமலே போகிறவர்கள் சிறு நிலையங்களில் நிறைய. சீசனைப் பக்கத்து ஜங்ஷனிலிருந்து எடுத்துக்கொள்கிறவர்களும் உண்டு. பத்து ரூபாய் மிச்சம். ஆனால் ரயில்வே கணக்கில் அந்த ஊரில் அன்று யாருமே ஏறவில்லை என்றாகிவிடுகிறது. ஒரு வண்டி அங்கே நிற்கவேண்டுமா, ஹால்ட்டை வைத்திருக்கலாமா என்று முடிவெடுப்பவர் அந்த ஊருக்கு வந்து பார்க்கப் போவதில்லை. அவர் மேசையில் இருப்பது விற்ற டிக்கெட்டின் எண்ணிக்கை. நாற்பது பேர் தினமும் ஏறும் ஒரு நிலையத்தில் பத்து டிக்கெட் விற்றால், அது பத்துப் பேர் நிலையம்தான். உங்கள் ஊர்ப் பெயர் அச்சான ஒவ்வொரு டிக்கெட்டும் அந்த நிலையத்துக்குப் போடும் ஓட்டு.

ஏறுவதும் இறங்குவதும்

நகரத்தில் பழகியவர்களுக்கு இங்கேதான் தடுமாற்றம். பெரிய நிலையங்களில் பிளாட்பாரம் தண்டவாளத்துக்கு மேல் முக்கால் மீட்டருக்கு அதிகமாக உயர்ந்திருக்கும். கிட்டத்தட்டப் படியேறாமலே உள்ளே போய்விடலாம். சிறு நிலையங்களில் முழங்கால் உயரம்கூட இருக்காது. சில ஹால்ட்டுகளில் தண்டவாளத்தின் மட்டத்துக்கே தரை இருக்கும். பெட்டியின் தளமோ தண்டவாளத்திலிருந்து நான்கு அடிக்கு மேல். அதனால் மூட்டையை முதலில் மேலே கொடுத்துவிட்டு, இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்து ஏறுங்கள். இறங்கும்போது படிக்கு முதுகைக் காட்டாமல், பெட்டியைப் பார்த்தபடி பின்பக்கமாக இறங்கினால் பிடிமானம் இருக்கும். வயதானவர்களை அழைத்துப் போவதானால் ஏற்றிவிட ஒருவர், உள்ளேயிருந்து கைகொடுக்க ஒருவர் என்று இரண்டு பேர் வேண்டும்.

பிளாட்பாரம் குட்டை. நீளமான வண்டியில் வந்தால் உங்கள் பெட்டி பிளாட்பாரத்துக்கு வெளியே, ஜல்லியின் மேல் நிற்கக்கூடும். எக்ஸ்பிரஸ்களில் முன்பதிவில்லாத பெட்டிகள் பொதுவாக வண்டியின் இரண்டு கோடியிலும் இருக்கும். எனவே முந்தைய நிலையத்திலேயே கதவருகே வந்து, எந்தப் பக்கம் இறங்குவது என்று உள்ளூர்க்காரர் ஒருவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். நான் புதிதாக வந்தபோது ஒரு மழை இரவில், விளக்கில்லாத பக்கம் இறங்கி, ஜல்லியில் கால் மடங்கி, இரண்டு வாரம் வீட்டில் கிடந்தேன். கேட்டிருந்தால் ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும்.

தண்டவாளத்தைக் குறுக்கே தாண்டுவது ஊர்ப் பழக்கமாக இருக்கலாம். நீங்கள் அதைப் பழகிக்கொள்ள வேண்டாம். மின்மயமான பாதையில் வண்டி சத்தமில்லாமல் வருகிறது. உங்கள் ஊரில் நிற்காத எக்ஸ்பிரஸ், வேகம் குறைக்காமல் போகும். அத்துமீறி நுழைவதற்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 1000 ரூபாய் வரை அபராதம் என்று சட்டம் சொல்கிறது. சட்டத்தைவிட அந்த வண்டிக்குப் பயப்படுங்கள்.

என்ன வசதி இருக்கும்?

நிழல், உட்கார இடம், குடிநீர்க் குழாய், வண்டி நிற்கும் நேரத்தில் விளக்கு, மரங்கள். அவ்வளவுதான். குழாயில் தண்ணீர் வரும் என்று நம்பி வெறும் பாட்டிலோடு போகாதீர்கள். தங்கும் அறை, பொருள் பாதுகாப்பு அறை, சுமை தூக்குபவர், கடை எதுவும் இராது. தூரப் பயணத்துக்கான முன்பதிவைப் பெரும்பாலும் இணையத்திலோ ஜங்ஷனிலோதான் செய்யவேண்டும். குறை இருந்தால் 139, அல்லது 'ரயில் மதத்' (Rail Madad) என்ற ரயில்வேயின் புகார்த் தளம். நிலையக் குறியீட்டோடு படமும் சேர்த்து அனுப்பினால் பதில் சீக்கிரம் வரும்.

நிலையத்தின் கதையைத் தேடிப் பிடிப்பது

இது கட்டாயமில்லை. ஆனால் வண்டிக்குக் காத்திருக்கும் அரை மணி நேரத்துக்கு இதைவிட நல்ல வேலை எனக்குத் தெரியாது.

முதல் கேள்வி, எந்தக் கம்பெனி போட்ட பாதை? தென்னிந்தியாவின் முதல் பயணிகள் வண்டி 1856 ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. அது மெட்ராஸ் ரயில்வே. டெல்டாவில் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு 1861-இல் வேறொரு கம்பெனி பாதை போட்டது. 1874-இல் பிறந்த தென்னிந்திய ரயில்வே அதை எடுத்துக்கொண்டு, அகலப்பாதையாக இருந்ததை மீட்டர் பாதையாக (தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர்) மாற்றியது. நம் காலத்தில் அது மறுபடியும் அகலப்பாதை ஆகிவிட்டது. மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டைக்கு 1894-இல் வந்த பாதையோ தஞ்சாவூர் ஜில்லா போர்டு, மக்களிடம் வாங்கிய வரிப்பணத்தில் போட்டது. அந்த வழியில் உள்ள சிறு நிலையங்களில் நிற்கும்போதெல்லாம், இது நம் கொள்ளுத்தாத்தாக்கள் காசு என்று எனக்குத் தோன்றும். எல்லாக் கம்பெனிகளும் போய், தெற்கு ரயில்வே என்று ஒன்றானது 1951 ஏப்ரல் 14-இல்.

இரண்டாவது, கண்ணால் தேடுங்கள். பழைய தண்டவாளத் துண்டுகளைத்தான் கூரைக்குத் தூணாகவும் வேலிக்குக் கல்லாகவும் நட்டிருப்பார்கள். தண்டவாளத்தின் பக்கவாட்டில் அதைத் தயாரித்த ஆலையின் பெயரும் வருடமும் புடைப்பெழுத்தில் இருக்கும். பெயின்டைத் தாண்டி விரலால் தடவிப் படிக்கலாம். ஆனால் தூணின் வருடம் நிலையத்தின் வருடம் ஆகாது. வேறெங்கோ தேய்ந்த பின் இங்கே வந்திருக்கும். பாலங்களில் எண் எழுதியிருக்கும், சிலவற்றில் கட்டிய வருடமும். மங்களூர் ஓடு, வளைவு வைத்த டிக்கெட் ஜன்னல், கிணறு, மணிக்குப் பதிலாகத் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு, இவை மிச்சமிருந்தால் மீட்டர் பாதைக் காலத்துக் கட்டடம் இன்னும் நிற்கிறது என்று சந்தோஷப்படுங்கள். அகலப்பாதையாக்கும் திட்டம் 1992-இல் தொடங்கிய பிறகு பலவற்றை இடித்துவிட்டார்கள். மதுரை–போடி பாதையில் 2010-இல் நிறுத்திய ரயில் மீண்டும் தேனிக்கு வர 2022 ஆனது, போடிக்கு வர 2023. தரங்கம்பாடி கிளைப் பாதை எண்பதுகளில் மூடியதோடு சரி, திரும்ப வரவே இல்லை.

மூன்றாவது, மனிதர்கள். ஓய்வு பெற்ற கேட்கீப்பர், கேங்மேன், பாயின்ட்ஸ்மேன் யாராவது ஊரில் இருப்பார்கள். பொதுவாக "பழைய கதை சொல்லுங்கள்" என்று கேட்டால் ஒன்றும் வராது. பொருளைக் கேளுங்கள். ஒற்றைப் பாதையில் போக அனுமதியாகக் கொடுத்த பந்து டோக்கனை, வளையத்தில் மாட்டி, ஓடும் வண்டியின் டிரைவருக்கு எப்படி நீட்டினீர்கள்? அட்டை டிக்கெட்டில் தேதி குத்தும் இயந்திரம் எங்கே இருந்தது? கரி இஞ்சினுக்கு எங்கே தண்ணீர் பிடித்தார்கள்? இந்த ஊரிலிருந்து என்ன பார்சல் போயிற்று, வெற்றிலையா, மீனா, தயிரா? கேட்ட அன்றே எழுதிவைத்துவிடுங்கள்.

சிறிய நிலையம்தானே, பெரிதாக என்ன நடந்திருக்கும் என்று நினைக்கவேண்டாம். 1911 ஜூன் 17-இல் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டது மணியாச்சியில். 1953 ஜூலை 15-இல் டால்மியாபுரம் என்ற பெயரை எதிர்த்து மறியல் நடந்தது கல்லக்குடியில். இரண்டும் இன்றும் சிறிய ஊர்கள்தான்.

எழுத்துச் சான்று வேண்டுமானால் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் பழைய மாவட்ட கெஜட்டியர்களும் இருக்கின்றன. பழைய கருவிகளைக் கண்ணால் பார்க்கத் திருச்சியிலும் பெரம்பூரிலும் ரயில் அருங்காட்சியகங்கள் உண்டு.

வண்டி நிற்கவேண்டும் என்று கேட்பது எப்படி

முதலில் உங்கள் நிலையம் எந்தக் கோட்டத்தில் இருக்கிறது என்று ஸ்டேஷன் மாஸ்டரிடம் கேளுங்கள். சென்னை, திருச்சி, மதுரை, சேலம், பாலக்காடு, திருவனந்தபுரம் என்று தெற்கு ரயில்வேக்கு ஆறு கோட்டங்கள். மாவட்டத்தை வைத்து ஊகிக்க முடியாது: பொள்ளாச்சி பாலக்காட்டைச் சேர்ந்தது, நாகர்கோவில் திருவனந்தபுரத்தை, திருவண்ணாமலை திருச்சியை. தவறான கோட்டத்துக்குப் போன மனு மாதக்கணக்கில் சுற்றும்.

அடுத்து, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, கடந்த மூன்று வருடங்களில் உங்கள் நிலையத்தில் மாதவாரியாக விற்ற டிக்கெட்டும் வருமானமும் எவ்வளவு என்று கேளுங்கள். முப்பது நாளில் பதில் தரவேண்டும். எண்ணிக்கை ஏறியிருந்தால் அதுவே உங்கள் மனுவின் முதல் வரி. குறைந்திருந்தால், ஊரில் பேசி ஆறு மாதம் எல்லோரும் டிக்கெட் எடுத்துவிட்டு அப்புறம் மனு போடுங்கள்.

மனுவில் "எல்லா வண்டிகளும் நிற்கவேண்டும்" என்று எழுதாதீர்கள். ஒரு வண்டி. அதன் எண், உங்கள் ஊரைத் தாண்டும் நேரம், அந்த நேரத்தில் எங்கே போகிறவர்கள் எத்தனை பேர், பள்ளியா, மருத்துவமனையா, சந்தையா. கோட்ட மேலாளருக்கு ஒரு பிரதி, உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒரு பிரதி. ரயில்வே பொதுவாக முதலில் ஆறு மாதம் சோதனை முறையில்தான் நிறுத்தம் தரும். அந்த ஆறு மாதமும் அந்த வண்டிக்கு விற்கும் டிக்கெட்டை ஊரில் ஒருவர் தினமும் நோட்டில் எழுதிவரவேண்டும். அந்த ஒருவராக நீங்களே இருக்கலாம்.